நடையும் மருந்துதான்... அளவு தெரிஞ்சு நடங்க!

"வைத்தியரய்யா, சுகர் 240 காட்டுது. நல்லா கேக்குற மாதிரி ஒரு சூரணம் கொடுங்க. மூணு மாசத்துல இறங்கிடணும்."

வள்ளியூரில் என் வைத்தியசாலைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பலசரக்குக் கடைக்காரர் சொன்ன முதல் பேச்சு இது. வயது நாற்பத்தேழு. தொப்பை லேசாக எட்டிப் பார்க்கிறது. கையில் லேப் ரிப்போர்ட்.

"மருந்து தாரேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஒரு கேள்வி. வீட்டுக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம்?"

"முக்கால் கிலோமீட்டர் இருக்கும்."

"எதுல போறீங்க?"

"பைக்லதான்."

"மத்தியானம் சாப்பாட்டுக்கு?"

"அதுவும் பைக்தான். சாப்பிட்டுட்டு ஒரு அரை மணி கண்ணசருவேன். பொறவு கடைக்கு."

"அப்ப எப்பதான் நடக்குறீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? காலையில ஆறு மணியில இருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னுக்கிட்டேல்லா இருக்கேன்!"

இவர் ஒருத்தர் இல்லை. தினமும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். "வீட்டு வேலை பூரா நான்தான் பாக்கேன்", "ஆபீஸ்ல மாடிப்படி ஏறுதேன்", "வயல்ல போய் நின்னு வேலை வாங்குதேன்". எல்லாம் உண்மைதான். ஆனால் நிற்பது வேறு, அலைவது வேறு, நடப்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் சிக்கலே ஆரம்பமாகிறது.

நடை ஒரு மருந்து. காசில்லாத மருந்து. ஆனால் மருந்து என்று சொன்னால் அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, அனுபானம் உண்டு, பத்தியம் உண்டு. ஆளைப் பார்க்காமல் கொடுத்தால் கெடுதலும் உண்டு. அந்தக் கெடுதலை நானே ஒரு தடவை கண்ணால் பார்த்தவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நின்றால் என்ன, நடந்தால் என்ன?

நம் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கிறதே கெண்டைக்கால் சதை, அதைக் காலில் இருக்கும் இரண்டாவது இதயம் என்று சொல்வார்கள். இதயம் கால் வரைக்கும் ரத்தத்தைத் தள்ளிவிடும். ஆனால் அந்த ரத்தம் கீழேயிருந்து மேலே திரும்ப வர வேண்டாமா? கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மாதிரி யாராவது இறைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகித் தளர்கிறது. இறுகும்போது ரத்தக் குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது மறுபடி கீழே இறங்காமல் தடுத்துவிடும்.

ஒரே இடத்தில் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் கால் வீங்கும், கனக்கும். வருஷக்கணக்கில் இப்படி நிற்கிற கடைக்காரர்கள், டீ மாஸ்டர்கள், ஆசிரியர்கள் பலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்து நிற்பதைப் பார்க்கலாம். கடைக்கார அண்ணாச்சியின் காலிலும் அது ஆரம்பித்திருந்தது.

ஆகவே, பதினாறு மணி நேரம் நின்றாலும் அது நடைக் கணக்கில் சேராது!

சதைக்குள்ளே ஒரு கதவு

சரி, நடந்தால் சர்க்கரை எப்படிக் குறையும்?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை சதைக்குள் போனால்தான் எரிந்து சக்தியாகும். சதையின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியில் பெரும்பாலும் சாவி இருக்கும்; ஆனால் பூட்டு துருப்பிடித்துப் போயிருக்கும். இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு லேசில் திறக்காது. சர்க்கரை வெளியே ரத்தத்திலேயே நின்றுவிடும்.

இங்கேதான் இயற்கை ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. சதை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே திறக்கிற இன்னொரு வழி உண்டு. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரிகிறபோது, அந்த வழியாகச் சர்க்கரை உள்ளே இழுக்கப்படுகிறது. நடையை நிறுத்திய பிறகும் அதன் பலன் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் நிற்கும். பிறகு பூட்டு பழையபடி துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் 'நடையைத் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள்' என்று சர்க்கரை நோய் நிபுணர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறு நாளுக்கும் அது காணாது.

இது ஏதோ வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் பொருந்தும் விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வரும் வாசலில் நிற்கிறார்கள் என்ற நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினம் அரை மணி வேக நடையும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

மூன்று வருஷத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. உணவும் நடையுமாக இருந்த பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதாவது, ஒழுங்கான சாப்பாடும் நடையும் சேர்ந்து ஒரு மாத்திரைக்குச் சமமான வேலையைச் செய்திருக்கின்றன.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நடந்தும் 39 பேருக்கு வந்திருக்கிறதே! நடை மந்திரம் இல்லை. பரம்பரை, வயது, சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் நோய். ஆனால் நூறு பேரில் பதினாறு பேர் தப்பித்தது சின்ன விஷயமா?

லண்டன் பஸ்ஸில் கண்டுபிடித்த ரகசியம்

சர்க்கரைக்கு மட்டும்தானா நடை? இதயத்துக்கும்தான். அது தெரியவந்த கதை சுவாரஸ்யமானது.

லண்டனில் ஜெரிமி மோரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அங்கே ஓடிய மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஒரே வித்தியாசம், டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். 1953-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் டிரைவர்களைவிட வயது கழித்தே வந்தது. உயிர்ச் சேதமும் குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் இருக்கும் தொடர்பை உலகம் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மோரிஸ் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. தானும் உடற்பயிற்சியை விடாமல் செய்து 99 வயது வரை இருந்து 2009-ல் காலமானார்.

தொடர்ந்து நடப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது, நல்ல கொழுப்பு சற்றுக் கூடுகிறது, மலச்சிக்கல் குறைகிறது, ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது, மனச்சோர்வு தணிகிறது. இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது நடைதான்.

ஆனால் உடம்பு மெலிய வேண்டும் என்று மட்டும் நடப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரி. நடந்து முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு உளுந்த வடையும் சீனி போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்! "சீனி இல்ல வைத்தியரய்யா, கருப்பட்டிக் காபிதான்" என்பார்கள். கருப்பட்டியில் சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நீரிழிவுக்காரர்களுக்கு அது பத்தியத்தை மீறுவதுதான்.

தேரையர் சொன்ன குறுநடை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் தேரையரின் நோயணுகா விதியை நாங்கள் மனப்பாடம் செய்தோம். நோய் வராமல் வாழ்வதற்கான ஒழுக்கங்களை வரிசையாகச் சொல்லும் பாடல்கள் அவை. அதில் ஓர் இடத்தில், சாப்பிட்ட பின்பு 'குறுநடை' கொள்ள வேண்டும் என்கிறார் தேரையர். அப்போது பரீட்சைக்காகப் படித்தேன். அதன் அருமை பிற்பாடுதான் புரிந்தது.

2016-ல் நியூசிலாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகள் 41 பேரை, கொஞ்ச நாள் தினம் ஒரே தடவையாக அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். பிறகு கொஞ்ச நாள், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் என்னவோ ஒன்றுதான். ஆனால் சாப்பிட்ட பின் பிரித்து நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம்!

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சிக்கு ஏறுகிறது. அந்த நேரம் பார்த்துச் சதைக் கதவைத் திறந்துவிட்டால் அது உள்ளே போய்விடுகிறது. நாமோ பகலில் சாப்பிட்டதும் பாயை விரிக்கிறோம். ராத்திரி சாப்பிட்டதும் டி.வி. முன்னால் உட்கார்கிறோம்.

குறுநடை என்றால் சிறுநடை. மெல்ல நடக்க வேண்டும். சாப்பிட்டுப் பத்து, பதினைந்து நிமிஷம் கழித்து, தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

நான் பார்க்காத பாதம்

இப்போது அந்தக் கெடுதலைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் நீரிழிவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாகச் சர்க்கரை. நல்ல முருக பக்தர். தை மாதம் வந்ததும், "பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகலாம்னு நேர்ந்திருக்கேன். போகலாம்லா?" என்று கேட்டார். அன்றைக்கு வைத்தியசாலையில் நல்ல கூட்டம். "தாராளமா நடங்க. நடை நல்லதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வருஷம் பூரா நடக்காத கால்கள். செருப்பு இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தார் ரோடு. பகல் வெயிலில் ரோடு கொதிக்கும். நமக்குச் சுட்டால் ஓரமாக மண்ணில் இறங்கி நடப்போம். அவருக்குச் சுடவே இல்லை. நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்வு நரம்புகள் செத்துப்போயிருந்தன. கொப்புளம் கிளம்பியது தெரியவில்லை, உடைந்தது தெரியவில்லை, உள்ளே ஒரு முள் இருந்ததும் தெரியவில்லை. தரிசனம் முடித்துச் சந்தோஷமாக வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரமும் நாற்றமும் கண்டு அவர் மனைவிதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியதே பெரிய காரியம் என்றார் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாமி சோதிச்சிட்டாரு" என்றார். சாமி சோதிக்கவில்லை, வைத்தியன் பாதத்தைச் சோதிக்கவில்லை. எட்டு வருஷச் சர்க்கரைக்காரரிடம் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நாடியைப் பிடித்தேன், நாக்கைப் பார்த்தேன், நடக்கப் போகிற காலைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். யாரிடமும் 'நடங்க' என்று சொல்வதற்கு முன்னால் பாதத்தைப் பார்த்துவிடுவேன். பஞ்சுத் திரியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பேன். தெரியவில்லை என்றால் அவருக்கு நடை வேறு, செருப்பு வேறு.

பாதயாத்திரை போகிறவர்களைத் தடுக்க நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை மனசுக்குத் தரும் பலத்தை நானும் அறிவேன். சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்பைக் கழற்றாதீர்கள். முருகன் கோபிக்க மாட்டான்!

அளவு, வேளை, அனுபானம், பத்தியம்

அளவு: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையாகத்தான் நடக்க வேண்டும் என்றில்லை. பத்து நிமிஷமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கில் சேரும்.

வேகம்? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நிமிஷத்துக்குச் சுமார் நூறு அடி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் வாரம் பத்து நிமிஷம், அடுத்த வாரம் பதினைந்து என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

"துபாய்ல இருக்க மகன் ஒரு வாட்ச் அனுப்பிருக்கான். பத்தாயிரம் அடி நடக்கலேன்னா அது என்னைத் திட்டுது" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். இந்தப் பத்தாயிரம் என்பது வைத்தியர்கள் கண்டுபிடித்த அளவு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அப்படிப் பரவியதுதான் இந்த எண். சராசரியாக 72 வயதுள்ள பெண்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. ஆகவே, பெரியவர்களே, வாட்ச் திட்டினால் திட்டட்டும்! இன்று நடப்பதைவிட நாளைக்கு ஆயிரம் அடி கூட்டுங்கள், அது போதும்.

வேளை: காலையோ மாலையோ, உங்களால் தவறாமல் முடிகிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். பங்குனி, சித்திரையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இல்லையேல் வெயில் தாழ்ந்து ஐந்தரைக்குமேல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று நம் கண்ணில் மண்ணையும் அள்ளிப் போடும். இளைப்பு நோய் உள்ளவர்கள் அந்த மாதங்களில் காற்று மறைவான தெருவிலோ மொட்டை மாடிச் சுவரோரமோ வீட்டுக்குள்ளேயோ நடக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் நடக்க வேண்டாம்.

அனுபானம்: தேனில், பாலில் என்று மருந்துக்கு அனுபானம் சொல்கிறோமே, நடைக்கு அனுபானம் செருப்பும் தண்ணீரும் துணையும். முன்பக்கம் விரல்களை நெருக்காத, பின்வார் உள்ள செருப்பு அல்லது ஷூ நல்லது. பாத எரிச்சல், மரமரப்பு உள்ளவர்கள் எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். காலை உள்ளே விடுவதற்கு முன் செருப்பைத் தட்டிப் பாருங்கள். நம் ஊரில் உடைமுள்ளுக்கும் கருவை முள்ளுக்கும் பஞ்சமா என்ன? ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

பத்தியம்: நான்குவழிச் சாலை ஓரம் நடக்காதீர்கள். ஊருக்குள் ரோட்டில் நடந்தால் வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக நடங்கள். இருட்டில் வெள்ளைத் துணி, கையில் டார்ச். காதில் பாட்டு வேண்டாம்.

"முட்டு தேஞ்சிருச்சி, நான் எப்படி நடக்க?"

இது ஐம்பது தாண்டிய பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சித்த மருத்துவத்தில் இந்த முட்டு வலியை அழல் கீல்வாயு என்போம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் எப்படித் தண்ணீரை உறிஞ்சுமோ, அப்படி நடக்கும்போது அழுந்தியும் தளர்ந்தும்தான் அது சத்தை உறிஞ்சுகிறது. நடையே இல்லையென்றால் தொடைச் சதையும் சூம்பும், முட்டின் மேல் பாரம் இன்னும் கூடும்.

ஆகவே சமதளத்தில், பத்து நிமிஷமாகப் பிரித்து நடங்கள். படி, மேடு வேண்டாம். நடந்த பிறகு வலி லேசாகக் கூடி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கினால் பயமில்லை. மறுநாள் வரை வலி நின்றால் அளவைக் குறையுங்கள். முட்டு வீங்கிச் சூடாக இருந்தால் ஓய்வு எடுத்து, டாக்டரைப் பாருங்கள்.

பீடித்தட்டை இறக்கி வையுங்கள், அம்மா

நம் மாவட்டத்தில் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! கழுத்து வலி, இடுப்பு வலி, கால் மரப்பு என்று வருவார்கள். "நடங்கம்மா" என்றால், "ரோட்டுல தனியா நடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கட்டு குறைஞ்சா கூலி குறையும்லா" என்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வையுங்கள். எழுந்து முற்றத்தில் இரண்டு மூன்று நிமிஷம் நடங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம். சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி, சித்தி, அத்தை என்று நாலு பேராகச் சேர்ந்து கோயிலுக்குப் போய் வாருங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் கூட வந்துவிடுகிறார்கள்!

உடனே நிறுத்த வேண்டியது எப்போது?

* நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அப்படியே உட்காருங்கள். உதவி கேட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வாய்வுப் பிடிப்பு' என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள்.

* குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் சரியாகி, நடந்தால் மறுபடி வருகிறதா? காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். பரிசோதனை அவசியம்.

* இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் அதுதான். பையில் எப்போதும் குளுக்கோஸோ இரண்டு மிட்டாயோ இருக்கட்டும்.

* பாதத்தில் புண் இருந்தால், ஆறும் வரை நடை கூடாது.

* சர்க்கரை 300-க்கு மேல் ஏறி, வாந்தி, சோர்வு இருந்தால் நடந்து இறக்கப் பார்க்காதீர்கள். அது டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

இன்னொன்று. நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன், அளவைக் குறைப்பது உங்கள் டாக்டர் பரிசோதித்துச் செய்ய வேண்டிய வேலை.

கடைக்கார அண்ணாச்சி என்ன ஆனார்?

செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தேன். உணர்ச்சி நன்றாகவே இருந்தது. ஆவாரைக் குடிநீர் கொடுத்தேன். ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரையையும் தொடரச் சொன்னேன். சீட்டில் மூன்றாவதாக எழுதியது: 'பைக் சாவி வீட்டில் இருக்கட்டும். கடைக்கு நடந்து போய், நடந்து வர வேண்டும். ராத்திரி சாப்பிட்ட பின் பத்து நிமிஷம் குறுநடை.'

"இதையும் சீட்டுலயே எழுதணுமாய்யா?" என்று சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.6-ல் இருந்து 7.7-க்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். தொப்பை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாயங்காலக் கால் வீக்கம் இல்லை என்றார். "ராத்திரி நடக்கும்போது வீட்டுக்காரியும் கூட வாரா. கல்யாணமாகி இருபது வருஷத்துல இவ்வளவு பேசினது இப்பதான்" என்றார். அதற்கு என்னிடம் சூரணம் இல்லை!

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நீங்களும் டி.வி.யை அணைத்துவிட்டுச் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். பத்து நிமிஷம்தான். முதலில் உங்கள் பாதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு...